பெட்டியை அணைத்த ஞாயிறு

ஜூன் 2, திங்கள்

காலை ஜெபம் முடித்துக் கதவைத் திறக்கும்போதே ஜீப் வந்து நின்றது. மருமகள் பெனிலா மலைக்குப் போய்விட்டாள். பேச்சிப்பாறைக்கு மேலே, கோதையாற்றுக் காட்டுக்குள், இந்த மழை முடிகிறவரை தங்கல். கூட இன்னொரு ஆராய்ச்சி மாணவியும் வழி காட்ட அந்த மலையிலேயே வாழும் காணிக்காரர் ஒருவரும். இருட்டிய பிறகு ஓடைக்கரையில் உட்கார்ந்து தவளை கத்துவதைக் கேட்டு, எந்த இனம், எத்தனை, மழை எவ்வளவு, குளிர் எவ்வளவு என்று எழுதுவதுதான் அவளுடைய டாக்டர் பட்டத்துப் படிப்பு. முதலில் சொன்னபோது என்னைக் கேலி செய்கிறாள் என்றே நினைத்தேன்.

அவள் சாமான் கட்டிய அழகைச் சொல்ல வேண்டும். லேப்டாப்பை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அரிசி நிரப்பிய துணிப்பை நடுவில் புதைத்து, அதை இறுக மூடும் ஒரு டப்பாவில் வைத்தாள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம். “திரும்பி வந்ததும் இதுல கஞ்சி வச்சிரலாம் மாமி” என்றாள்.

எனக்கு இரண்டு பொறுப்பு. வரவேற்பறை ஷோகேஸில் எங்கள் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. ஒரு ரொட்டி அளவுதான். நீல விளக்கு எரியும். சர்வர் என்கிறாள், நான் பெட்டி என்றே எழுதுகிறேன். உதிரியாக வாங்கி அவளே பூட்டியது. லேப்டாப்பில் உள்ள ஃபோல்டரும் இந்தப் பெட்டியில் உள்ள ஃபோல்டரும் எப்போதும் ஒன்றுபோல இருக்கும். அங்கே ஒன்று சேர்த்தால் இங்கே வந்துவிடும். இங்கே மாற்றினால் அங்கே மாறிவிடும். மலையில் சிக்னல் கிடையாது. சாமான் வாங்க ஜீப் இறங்கும் நாளில் ரோட்டு வளைவு ஒன்றில் மட்டும் கிடைக்கும். அங்கே லேப்டாப்பைத் திறந்து வைத்தால், மேலே சேர்ந்ததெல்லாம் தானாக வீட்டுக்கு வந்து சேரும். லேப்டாப் ஓடையில் போனாலும் உழைப்பு வீட்டில் இருக்கும்.

என் முதல் பொறுப்பு, பெட்டியை அணைக்கவே கூடாது. இரண்டாவது, அவள் எழுதும் நோட்டுப் பக்கங்களின் போட்டோ வரும். அதைப் பார்த்து நான் வீட்டுக் கம்ப்யூட்டரில் “வீடு” என்ற பட்டியலில் அடிக்க வேண்டும். “மலை” என்று இன்னொரு பட்டியல் உண்டு. அது அவளுடையது. பார்க்கலாம், கைவைக்கக் கூடாது.

பத்தாவதோடு நின்றவள் நான். பெண்கள் ஐக்கியத்து ஆண்டறிக்கைக்காகத் தட்டித் தடுமாறி நானே கம்ப்யூட்டர் படித்தது இதற்குத்தான் போலிருக்கிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

மகன் அஜின் மஸ்கட்டிலிருந்து பேசினான். இந்த ஒரு மழைதான் என்று பெனிலாவிடம் சொல்லியிருக்கிறான். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனாலும் அவள் கைடு ஒத்துக்கொள்ள மாட்டார், அடுத்த மழைக்குத் திரும்பப் போக வேண்டிவரும். அதற்கு அஜின் விட மாட்டான். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது, மனைவி பக்கத்தில் வேண்டாமா என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. எனக்கென்ன.

அவன் கல்யாணத்துக்கு நாங்கள் முதலில் பார்த்து வைத்திருந்தது ஒரு பல் டாக்டர் பெண். அது போகட்டும்.

எரிவாயு சிலிண்டர் மாற்றினேன்.


ஜூன் 4, புதன்

பதினொரு மணிக்கு மேல் பெட்டி விளக்கு படபடவென்று துடித்தது. மாவாட்டிக்கொண்டிருந்த கையோடு ஓடி வந்து பார்த்தேன். ஃபோல்டரில் ஒவ்வொன்றாக வந்து விழுகிறது. போட்டோ, ஒலிப்பதிவு, மறுபடியும் போட்டோ. யாரும் அனுப்பவில்லை, யாரும் வாங்கவில்லை. எங்கோ காட்டு ரோட்டில் ஒரு பிள்ளை லேப்டாப்பைத் திறந்து வைத்திருக்கிறாள், இங்கே என் வீட்டில் நிறைகிறது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கையிலிருந்த மாவு காய்ந்துவிட்டது.

இவர் வந்து, “என்ன, மருமக வந்தாச்சா?” என்றார். வந்தாச்சு என்றேன்.


ஜூன் 9, திங்கள்

அடிக்கும் வேலை பிடிபட்டுவிட்டது. பெனிலாவின் கையெழுத்து முதல் பக்கத்தில் மணி மணியாக இருக்கும். மழை கூடக்கூட எழுத்து சாயும். சில இடத்தில் துளி விழுந்து மை பரவியிருக்கும். அந்த இடத்தில் ஓரத்தில் எனக்கென்று எழுதியிருப்பாள்: “மாமி, இது ஏழு.” “மாமி, இங்க அட்டை கடிச்சிட்டு, அதான் கோடு.” அட்டை கடிக்கும்போதும் எண்ணிக்கையை விடவில்லை.

மீன் கழுவும்போது ஒலிப்பதிவைப் போட்டு விட்டேன். ஒரு தவளை தையல் மெஷின் ஓடுவதுபோல, ஒன்று உலர்ந்த தேங்காயைத் தட்டுவதுபோல. இன்னொன்று எப்போதாவது ஒரே ஒரு சொட்டு. அதற்காக அவள் ஒரு ஓடையில் இரண்டரை மணி நேரம் காத்திருந்ததாகக் குறித்திருக்கிறாள். எனக்கு ஆராதனையில் நீண்ட பிரசங்கத்துக்கே கால் மரத்துப்போகிறது.

இவர் வீட்டைச் சுற்றி டார்ச் அடித்துத் தேடிவிட்டு, “லீலா, கிணத்தடியில தவளை கெடந்து கத்துது, ஒண்ணையும் காணல்ல” என்றார். டிப்போவில் முப்பது வருஷம் பஸ் எண்ணிய மனுஷன். கம்ப்யூட்டரைக் காட்டினேன். அதற்குப் பிறகு தினமும் வந்து உட்கார்ந்து கேட்கிறார்.


ஜூன் 12, வியாழன்

காற்று. மத்தியானம் முழுவதும் கரண்டு இல்லை. பெட்டிக்கென்று பேட்டரி ஒன்று வைத்திருப்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. வீடு இருட்டு, அது மட்டும் நீலமாக.


ஜூன் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து பெண்கள் ஐக்கியக் கூட்டம். கிறிஸ்டல் பாய் எல்லாரும் கேட்கவே கேட்டாள். “தவளை புடிக்கியதுக்கா மருமகளக் கட்டிக் கொண்டாந்தீய? ஒரு பேரப்பிள்ளையப் புடிச்சுத் தரச் சொல்லுங்க.” சிரித்தார்கள். அவள் பிடிக்கவில்லை, எண்ணுகிறாள் என்றேன். எண்ணி என்ன செய்ய என்றாள். சபையில் ஞாயிறுதோறும் தலை எண்ணி எழுதுகிறோமே, அது எதற்கோ அதற்குத்தான் என்றேன். காப்பி ஆறிவிட்டது.

வீடு வந்தால் பெனிலாவின் மிஸ்டு கால். ஞாயிற்றுக்கிழமை வளைவுக்கு இறங்கி முதலில் எங்களையும் பிறகு அஜினையும் கூப்பிடுவாள். ஜீப் வரும் நேரத்துக்குத் தக்கபடி சில வாரம் சீக்கிரம், சில வாரம் தாமதம்.


ஜூன் 21, சனி

சனிக்கிழமை வேலைகள். வீடு கழுவி, திரைச்சீலை மாற்றி, குப்பையெல்லாம் வெளியே கொண்டுபோய்ப் போட்டு, மீன்சட்டி வரை தேய்த்துக் கவிழ்த்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் துடைப்பம் எடுப்பதில்லை. கம்ப்யூட்டரும் திறப்பதில்லை. பெட்டி மட்டும் எரியும். அது வேலை செய்வது என் கணக்கில் வராது.

பெனிலா தன் காலைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறாள். முழங்காலுக்குக் கீழே அட்டை கடித்த புள்ளிகள். ஃபைலுக்கு “அலங்காரம்” என்று பெயர் வைத்திருக்கிறாள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது. வேறு ஒன்றும் வந்தது, அதை எழுதப் போவதில்லை.


ஜூன் 29, ஞாயிறு

இன்று பேசக் கிடைத்தாள். குரல் கம்மியிருக்கிறது. போன வாரம் நோட்டு ஓடையில் போய்விட்டதாம். பாறை வழுக்கி விழுந்ததில் அவள் ஒரு கையால் ஒலிப்பதிவுக் கருவியைப் பிடித்தாள், நோட்டை விட்டுவிட்டாள். அந்த வாரத்துப் பக்கங்களைப் போட்டோ எடுத்திருக்கவில்லை. நான் ஐயோ என்றேன். அவள், “பயப்படாதீங்க மாமி, இன்னிக்கு மேல ஏறினதும் ஞாபகம் இருக்கும்போதே நேரா லேப்டாப்புல அடிச்சிருதேன். மலை ஃபைலுல கிடக்கும்” என்றாள். விழுந்து முட்டி பெயர்ந்ததைப் பற்றிக் கேட்டேன். அது ஒன்றுமில்லையாம்.

நான் கை தவறி ஒரு கிளாஸை உடைத்தால் ஒரு நாள் முழுக்க அதையே பேசுவேன்.


ஜூலை 2, புதன்

“வீடு” பட்டியலை “மலை” பட்டியலோடு சரிபார்த்தேன். மலையைத் திறந்து பார்த்தால் மனசு பொறுக்கவில்லை. ஒவ்வொரு பத்தியும் அப்படியே அந்தரத்தில் நிற்கிறது, அடியில் கூட்டுத்தொகை இல்லை. இத்தனை படித்த பெண் கூட்டாமல் விட்டிருக்கிறாளே என்று, அவளுக்கும் ஒரு வேலை குறையட்டும் என்று, எல்லாப் பத்திக்கும் அடியில் கோடு போட்டுக் கூட்டி வைத்தேன். கைவைக்கக் கூடாது என்றுதான் சொன்னாள். கூட்டக் கூடாது என்று சொல்லவில்லை.


ஜூலை 3, வியாழன்

பெட்டி இன்று வெகு நேரம் துடித்தது. நிறைய வந்திருக்கிறது. நாளை பார்க்க வேண்டும். இவருக்கு முழங்கால் வலி, ஒத்தடம் கொடுத்தேன்.


ஜூலை 5, சனி

நாளை நற்கருணை ஆராதனை. வீடு முழுவதும் சுத்தம். அப்படியே ஃபோல்டரையும் ஒழுங்குபடுத்தினேன். “மலை” பட்டியல் இரண்டு கிடந்தது. ஒன்று சரியான பெயரில், என் கூட்டுத்தொகையோடு. மற்றது அதே பெயருக்கு வால் முளைத்ததுபோல ஏதோ எண்ணும் எழுத்தும் நீளமாகச் சேர்ந்து, கூட்டுத்தொகை இல்லாமல். இரண்டையும் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரிக்கு வரி ஒன்றேதான். ஒரே கரண்டு பில்லை இரண்டு தடவை எழுதினால் கணக்கு என்னத்துக்கு ஆகும்? வால் உள்ளதை அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டில் எந்தக் குப்பையும் இருப்பதில்லை.

நாளைக்கு வெள்ளைப் புடவை தேய்த்து வைத்தாயிற்று.


ஜூலை 6, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆராதனையில் அறிவிப்பு நேரம். போதகர் கல்யாண ஓலை வாசித்தார். பிரிஜினுக்கும் அனிஷாவுக்கும் இரண்டாம் முறை. எனக்குப் பின்னால் கிறிஸ்டல் பாய் பக்கத்தில் இருந்தவளிடம், “போன வாரமும் இதத்தானே வாசிச்சாரு” என்று முணுமுணுத்தாள். அவள் நம் சபைக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்கு முன் ஒரே ஓலையை மூன்று வாரம் வாசிப்பது அவளுக்குத் தெரியும். நேரம் ஆகிறதே என்ற எரிச்சல். நான் திரும்பி, பெயர் ஒன்றானாலும் வாசிப்பு வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

நேற்று நான் இரண்டு பட்டியலிலும் மேலே உள்ள வரிகளைத்தான் ஒப்பிட்டேன். அடி வரை போகவில்லை. என்னுடையதில் அடியில் கூட்டுத்தொகை இருந்தது, அதனால் அது முடிந்தது என்று கண்ணுக்குப் பட்டது. வால் முளைத்ததில் கூட்டுத்தொகை இல்லை என்றால், அதற்குக் கீழே என்ன இருந்தது? நான் புதனன்று கூட்டினேன். அவள் அது தெரியாமல் மலையில் அதே பட்டியலில் எழுதிக்கொண்டிருந்திருப்பாள். வியாழனன்று இரண்டும் சந்தித்தபோது, எது சரி என்று தெரியாமல் பெட்டி இரண்டையும் வைத்திருக்கிறது. வால் உள்ளது பெனிலாவுடையது. நோட்டு ஓடையில் போன வாரம் அதில்தான் இருந்தது. வேறு எங்கும் இல்லை.

முதலில் எல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு யோசித்தேன். இங்கே நான் அழித்தது சனிக்கிழமை. அவள் வளைவுக்கு வந்து போனது வியாழன். அப்படியென்றால் லேப்டாப்பில் இன்னும் இருக்கிறது, அதற்குத் தெரியாது. இன்று அவள் இறங்கி லேப்டாப்பைத் திறந்த உடனே தெரிந்துவிடும். சேர்ப்பது போய்ச் சேரும் என்றால் அழிப்பதும் போய்ச் சேரும். வீட்டில் இல்லை என்று பெட்டி சொல்லும், லேப்டாப்பும் அழித்துவிடும். அவளைக் கூப்பிட்டுத் தடுக்கவும் வழியில்லை. போனுக்கும் லேப்டாப்புக்கும் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில், ஒரே நேரத்தில்.

ஒரே வழி, அது வந்து தேடும்போது பெட்டி இருக்கக் கூடாது.

பீடத்தில் அப்பமும் ரசமும் வெள்ளைத் துணி மூடி இருந்தது. நான் நற்கருணையை விட்டு எழுந்து போனதில்லை, அஜின் வயிற்றில் இருந்தபோதுகூட. எழுந்தேன். நடுப்பாதையில்தான் நடந்து வர வேண்டும். எல்லாரும் பார்த்தார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து இவர் என்ன என்று கையைக் காட்டினார். நான் நிற்கவில்லை.

மழை. குடையை எடுக்க மறந்தேன். வெள்ளைப் புடவையோடு ரோட்டில் ஓடினேன், அறுபதை நெருங்கியவள். சாவி கைப்பையில் எங்கோ அடியில். கதவைத் திறந்து ஷோகேஸுக்குப் போய் பிளக்கைப் பிடுங்கினேன். நீல விளக்கு அப்படியே எரிகிறது. பேட்டரி. இத்தனை நாள் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். இன்று பார்க்கச் சகிக்கவில்லை. பெட்டியைத் திருப்பி, முதுகில் செருகியிருந்த ஒயரையே இழுத்தேன். கல்யாணப் போட்டோ கீழே விழுந்தது. விளக்கு அணைந்தது.

அதன் பிறகு பக்கத்திலேயே முழங்காலில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இவர் நனைந்துபோய் வந்து நின்று பார்த்துவிட்டு, “கம்யூனியனை விட்டுட்டு ஓடி வந்து கம்ப்யூட்டர் முன்னால முட்டு போடுகியா?” என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். போட்டோவை எடுத்துத் துடைத்து வைத்தார்.

போன் அடித்தது.

“மாமி, வீட்டுல கரண்டு இல்லியா? பெட்டி கிட்டவே மாட்டேங்குது.”

“கரண்டு இருக்கு மக்ளே. நான்தான் பிடுங்கிப் போட்டேன்.”

எல்லாம் சொன்னேன். கூட்டுத்தொகை போட்டது, இரண்டு பட்டியல் கண்டது, அழித்தது, குப்பைத் தொட்டியைக் காலி செய்தது.

“நோட்டு போன வாரமா மாமி?”

“அதேதான்.”

“போனை வையுங்க. நான் கூப்பிடுதேன்.”

அந்தக் குரலில் கோபம் இருந்தது. இருக்கத்தானே வேண்டும். இந்த ஒரு வாரம் இல்லாவிட்டால் இந்த மழை கணக்கில் வராது, இன்னொரு மழைக்கு அஜின் விட மாட்டான், அவள் படிப்பு அங்கேயே நின்றுவிடும். நின்றதற்குக் காரணம் ஒரு வெள்ளைப் புடவைக்காரியின் சுத்தம்தான் என்று ஆகும். இவர் சோறு போட்டுக்கொண்டு வந்து வைத்தார். நான் தொடவில்லை. அவரும் தொடவில்லை.

மறுபடி அடித்தபோது முதல் அடியிலேயே எடுத்தேன்.

“இருக்கு மாமி. முழுசா இருக்கு. பென் டிரைவுல எடுத்திட்டேன்.”

சோற்றுத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். அவள் விடாமல் பேசினாள்.

“கூட்டுத்தொகையப் பாத்தேன். தவளைய மட்டுமில்ல, வெக்கையையும் கூட்டி வச்சிருக்கீங்க. இத்தனை டிகிரி இருந்தா மலையே வெந்து போயிருக்கும் மாமி.” சிரித்தாள். சிரிப்பில் பாதி அழுகை. பிறகு, “நீங்க பிடுங்காம இருந்தா…” என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள். அவள் சொல்லும்வரை பெட்டியைத் திரும்பப் போட வேண்டாம் என்றாள். வைத்துவிட்டாள்.

ஒரு வசவு இல்லை. இதே வயதில் நானாக இருந்தால் இரண்டு நாளாவது முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன்.

சாயங்காலம் அஜின். “அங்க கரண்டு இல்லியாமே, பெனிலா சொன்னா. பெட்டி ஓடல்லன்னு. பேட்டரி போட்டிருக்குல்லா?” என்றான். அவள் கரண்டு மேல் பழியைப் போட்டிருக்கிறாள். நான் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மழை பலமாக இருக்கிறது என்றேன். அது உண்மைதான்.


ஜூலை 7, திங்கள்

ஷோகேஸ் இருட்டாக இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண் தானாகப் போகிறது.

போதகரம்மா வந்து, உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, மருமகளின் வேலை ஒன்று கெட்டுப்போக இருந்தது, அதனால் வந்தேன் என்றேன். அவர்களுக்குத் தவளை வரை விளக்க வேண்டியிருந்தது. கடைசியில், “அப்ப நீங்க செஞ்சது சரிதான் அம்மா” என்றார்கள். எனக்கு அது பெரிதாக இருந்தது.


ஜூலை 9, புதன்

பெனிலா எனக்காகவே வளைவுக்கு இறங்கி வந்தாள். போனைக் காதில் வைத்தபடி அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். ஒயரைச் செருகுங்க, விளக்கு வரட்டும், திறக்காதீங்க, இப்ப அதைச் சொடுக்குங்க. பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. நான் ஒரு தடவை தவறாகச் சொடுக்கியபோது, “அதுவும் நல்லதுதான், அது என்ன செய்யும்னு தெரிஞ்சுக்கிட்டோம்” என்றாள். வால் முளைத்த பட்டியல் வீட்டுக்கு வந்தது. அடி வரை இறங்கிப் பார்த்தேன். அந்த வாரம் முழுவதும் இருக்கிறது, ஒவ்வொரு ராத்திரியும்.

பெட்டியில் ஒரு மாற்றமும் செய்தாள். இனி எங்கே அழித்தாலும் பெட்டி ஒரு மாதம் பழையதை உள்ளே வைத்திருக்குமாம். “இத முதல்லயே செய்யாதது என் தப்பு மாமி. உங்க தப்பில்ல.” அது பொய். ஆனால் அவள் சொன்ன விதத்தில் மறுக்கத் தோன்றவில்லை.

எனக்கென்று ஒரு தனி ஃபைலும் வந்தது. “கூட்டல்” என்று பெயர். ஓடை வாரியாக எண்ணிக்கை வேண்டுமாம். வெக்கையைத் தொட வேண்டாமாம்.


ஜூலை 20, ஞாயிறு

ஐக்கியத்தில் கிறிஸ்டல் பாய், அன்றைக்கு ஏன் ஓடினீர்கள் என்று கேட்டாள். என் மருமகளுக்காக ஓடினேன் என்றேன். அவளுக்கு என்ன என்றாள். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள் என்றேன்.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

நற்கருணை எடுத்தேன். நேராக வீடு வந்தேன்.


ஆகஸ்ட் 9, சனி

வந்துவிட்டாள். கறுத்து, மெலிந்து, தலைமுடி சிக்குப் பிடித்து. சட்டையில் காட்டின் வாடை. முதலில் பெட்டியிடம் போய் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். இரண்டும் சரியாக இருக்கிறது என்று பச்சை நிறத்தில் காட்டியது. அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றினாள். ஒரு வாரமும் விடாமல் மழை முழுவதும் எண்ணி முடித்துவிட்டாள். கைடு சந்தோஷமாம்.

அவள் குளிக்கும்போது அந்த அரிசியை எடுத்துப் பார்த்தேன். பூசணம் பிடித்திருந்தது. கோழிக்குக்கூட ஆகாது. கொட்டினேன்.

எழுதி முடிக்க டிசம்பர் ஆகும் என்று என்னிடம் சொன்னாள். கைடோடு உட்கார்ந்து எழுத வேண்டும், மஸ்கட்டில் இருந்து முடியாது. அஜினிடம் சொன்னாயா என்று கேட்டேன். சாம்பார் நன்றாக இருக்கிறது என்றாள். நான் வைத்திருந்தது புளிக்குழம்பு.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆராதனைக்கு மூன்று பேரும் போனோம். மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் இருக்கும்போது அஜின் கூப்பிட்டான். பெனிலா கை கழுவ எழ வேண்டாம் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தேன். எல்லாரையும் விசாரித்துவிட்டு, “முடிஞ்சுதுல்லா? அப்ப இருபத்தெட்டாம் தேதிக்கு டிக்கெட் போட்டிருதேன். எழுதுகதெல்லாம் இங்க வந்து எழுதலாம்” என்றான். பெனிலாவின் கை சோற்றில் நின்றுவிட்டது. காட்டில் அத்தனை இருட்டில் உட்கார்ந்திருந்த பெண், இங்கே ஒரு வார்த்தைக்கு இப்படி நின்றாள்.

“அஜின்,” என்றேன். “அன்னிக்கு கரண்டு போகல்ல. அவ எழுதி வச்ச ஒரு வாரத்த நான்தான் அழிச்சேன். பெட்டியப் பிடுங்கினதும் நான்தான். உனக்குத் தெரிஞ்சா, படிச்சது போதும் வான்னு நீ சொல்லிருவன்னு பயந்து அவ கரண்டு மேல போட்டா.”

இவர் இருமினார். நான் நிறுத்தவில்லை, நிறுத்தியிருந்தால் மறுபடி தொடங்கியிருக்க மாட்டேன்.

“எழுதி முடிக்க டிசம்பர் ஆகும். இங்க இருந்துதான் எழுத முடியும். நீ கிறிஸ்மஸுக்கு லீவு போட்டு வந்து கூட்டிட்டுப் போ.”

“அவ சொல்லச் சொன்னாளாம்மா?” என்று கேட்டான்.

“அவ சோறு தின்னிட்டிருக்கா. நான்தான் சொல்லுதேன்.”

அவன் பெனிலாவைக் கூப்பிட்டு, உனக்கும் அதுதான் வேண்டுமா என்றான். ஆமா என்றாள். ஒரே வார்த்தை, ஆனால் தெளிவாக. சரி, லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டான். குரலில் வருத்தம் இருந்தது. நாளை நான் தனியாகப் பேசுவேன். அவனும் என் பிள்ளைதானே.

பெனிலா என்னைப் பார்க்கவில்லை. மீன் தலையைத் தன் தட்டிலிருந்து எடுத்து என் தட்டில் வைத்தாள். அது அவளுக்கு ரொம்பப் பிடித்தது.

டிசம்பர் வரை அவளுக்கு எழுத ஒரு மேஜை வேண்டும். வீட்டில் இருப்பது இந்தச் சாப்பாட்டு மேஜை ஒன்றுதான். சாப்பிட்ட பாத்திரத்தை எடுத்ததும் மூன்று பேருமாக அதை இழுத்து ஜன்னலோரம், பெட்டிக்குப் பக்கத்தில் போட்டோம். ஞாயிற்றுக்கிழமைதான், பரவாயில்லை. இனி நாங்கள் தரையில் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம். இவருக்கு மட்டும் முழங்கால் மடங்காது, ஒரு ஸ்டூல் போட வேண்டும்.